கொட்டாப்புளி எந்தக் கையில்?

பழைய அச்சுப் படங்களைப் பாதுகாத்து, இணையத்திலும் ஏற்றிவைக்கும் அருங்காட்சியக, நூலகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பால்தசார் சோல்வின்ஸ் கல்கத்தாவில் வரைந்த கைவினைஞர் படங்களுக்குக் கீழே நீங்கள் எழுதும் குறிப்புகளைப் பற்றித்தான் இந்த மடல். கொல்லர், தச்சர், குயவர், நெசவாளர் என்று ஒவ்வொருவரையும் தொழிலோடு காட்டிய படங்கள் அவை. நான் பார்த்த குறிப்புகளில் பெரும்பாலும் சாதிப் பெயர், ஆண்டு, தாளின் நீள அகலம், அவ்வளவுதான். அந்த ஆள் என்ன வேலை செய்கிறார், கையில் இருப்பது என்ன என்று ஒரு வரி கிடையாது.

இதற்கு சோல்வின்ஸும் ஒரு காரணம். இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆண்ட்வெர்ப் துறைமுக ஊர்க்காரரான அவர் கடற்காட்சி ஓவியர். 1791ல் கல்கத்தா வந்து, சாரட்டு வண்டிக்கும் பல்லக்குக்கும் அலங்காரம் தீட்டிப் பிழைத்தார். அவரே ஒரு கைத்தொழில்காரர் மாதிரிதான். ஆனாலும் 1799ல் அங்கே முழுமையாக வெளியிட்ட 250 எட்சிங் (செப்புத் தகட்டு அச்சு) படங்களில் தொழில்களைச் சாதிவாரியாகத்தான் அடுக்கினார். வாத்தியங்களுக்குத் தனிப் பகுதி உண்டு, புகை பிடிக்கும் விதங்களுக்குக்கூட உண்டு. உளிக்கும் துருத்திக்கும் இல்லை. சரி, அது அவர் காலம். இருநூறு வருஷம் கழித்தும் நீங்கள் ஏன் அதே அடுக்கில் நிற்க வேண்டும்?

இன்னொன்று இதைவிட முக்கியம். எட்சிங் என்பது செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்க விட்டு, பள்ளத்தில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுப்பது. நான் இதைச் செய்து பார்த்தபோது முதல் தகட்டில் ஆசையாகக் கையெழுத்துப் போட்டேன். தாளை உரித்துப் பார்த்தால் எழுத்து வலமிருந்து இடமாக ஓடுகிறது. பக்கத்தில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். 1879-80ல் வெனிஸில் அமெரிக்க ஓவியர் விஸ்லர் நேரே தகட்டிலேயே வரைந்ததால், அவருடைய அச்சில் அந்த ஊரே இடம் வலம் மாறிக் கிடக்கிறது.

ஊர் மாறினால் கண்டுபிடித்துவிடலாம், தேவாலயம் இடம் காட்டிக்கொடுக்கும். பட்டறை மாறினால்? என் தாத்தா தச்சர். இடது கையில் உளி, வலது கையில் கொட்டாப்புளி, அதாவது மரச் சுத்தி. அச்சில் அது மாறியிருந்தால், அந்தத் தச்சர் இடக்கைக்காரரா, அல்லது தகடு செய்த வேலையா? வரைந்தவர் யோசித்து முன்கூட்டியே திருப்பி வரைந்தும் இருக்கலாம். மூலச் சித்திரம் உங்களிடம் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். தொழில் வரலாறு எழுதுகிறவன் இதை நம்பித்தான் எழுதுகிறான் ஐயா. அச்சைப் பார்த்து அச்சு எடுத்தாலும் இதே சிக்கல். லண்டனில் எட்வர்ட் ஓர்ம் என்ற பதிப்பாளர் 1804-05ல் சோல்வின்ஸ் படங்களில் அறுபதைக் கேட்காமலே நகலெடுத்து, வண்ணத்தை மெருகேற்றி விற்றார். அதுதான் ஓடியது. சோல்வின்ஸ் பாரிஸில் 1808 முதல் 1812 வரை 288 படங்களோடு நான்கு தொகுதிகளாகத் திரும்ப வெளியிட்டது ஓடவில்லை. கடைசியில் மனிதர் ஆண்ட்வெர்ப் துறைமுக அதிகாரியாக வேலைக்குப் போனார். அழகாக இருக்கிறதே என்று நீங்கள் அட்டைப்படத்துக்கு எடுத்துக் கொடுப்பது ஓர்ம் கைபட்டதா, சோல்வின்ஸ் கைபட்டதா என்றும் தயவுசெய்து எழுதுங்கள்.

1859ல் லண்டன் தேம்ஸ் தெருவில் சுண்ணாம்பு சுடுபவர் ஒருவரை விஸ்லர் எட்சிங் செய்தார். தலைப்பிலேயே ஆள் பெயர் இருக்கிறது: டபிள்யூ. ஜோன்ஸ். கல்கத்தாத் தச்சரின் பெயரை இனி எங்கே போய்க் கேட்பது? கருவிகளின் பெயரையாவது போடலாமே.

அதற்கு ஆராய்ச்சியாளர் குழுவெல்லாம் வேண்டாம். படத்தைப் பெரிதாக்கி, வங்காளத்தில் இன்னமும் பட்டறை நடத்தும் ஒரு தச்சரையோ கொல்லரையோ கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒரு மதியம் போதும். அவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அன்றைய கூலியை மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தச்சரின் பேரன்