பூட்டும் முன் மாற்றுச் சாவி

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினிக் கணக்குக்குக் கடவுச்சொல் மட்டும் போதாது, அதற்குப் பிறகு இன்னொரு சான்றையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பும் வேண்டும் என்று நாளிதழ்கள் அடிக்கடி எழுதுகின்றன. நல்லது. ஆனால் கைப்பேசி தொலைந்தால் சொந்தக் கணக்குக்குள் எப்படி நுழைவது என்பதையும் கூடவே அச்சிட வேண்டும். பூட்டுப் போட ஐந்து நிமிடம் போதும். மாற்றுச் சாவிக்குப் பத்து நிமிடம் ஆகும். பலரும் விட்டுவிடுவது அதைத்தான்.

கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டிலும் கணக்கின் 'பாதுகாப்பு' பகுதியில் இந்த வசதி இருக்கிறது. இரண்டாம் படிக்கான எண்ணைக் கைப்பேசியில் காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலியைத் தேர்ந்தெடுத்தால் திரையில் ஒரு கியூஆர் சதுரம் வரும். (மைக்ரோசாஃப்ட் தன் சொந்தச் செயலியையே முன்னே நீட்டும், வேறு செயலி வேண்டுவோருக்குத் தனி இணைப்பு உண்டு.) சதுரத்துக்குள் இருப்பது ஒரு ரகசியச் சாவி. அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் வைத்துச் செயலி 30 விநாடிக்கு ஒருமுறை ஆறு இலக்க எண்ணைக் கணக்கிடுகிறது. அதனால் சிம்மோ இணையமோ இல்லாமலும் எண் வரும். ஆனால் கைப்பேசிக் கடிகாரம் இரண்டு நிமிடம் பிசகினால், எத்தனை கவனமாகத் தட்டினாலும் 'தவறான எண்' என்றே பதில் வரும். கடிகாரத்தைத் தானியங்கி நேரத்தில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சதுரம் திரையில் இருக்கும்போதே வீட்டிலுள்ள இரண்டாவது கைப்பேசியிலும் ஸ்கேன் செய்துகொள்ளலாம். இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படத்தொகுப்பில் போட்டுவைப்பது வேறு விஷயம். அந்தப் படம் யார் கையில் கிடைத்தாலும் எண் அவருக்கும் வரும்.

அடுத்து, கைப்பேசி இல்லாதபோது கைகொடுக்கும் மீட்புக் குறியீடு. கூகுள் எட்டு இலக்க எண்கள் பத்தைத் தரும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். புதிய பத்து எடுத்தால் பழைய தாள் குப்பைக்கு. மைக்ரோசாஃப்ட் தருவது 25 எழுத்துக் குறியீடு. இவற்றைத் தாளில் எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள். அதே கணினியிலோ அதே மின்னஞ்சலிலோ சேமிப்பது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவதுதான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் இரண்டாம் வழிகள் எல்லாமே கைவிட்டுப் போனால், கடவுச்சொல் நினைவிருந்தாலும் 30 நாள் வரை காத்திருக்க நேரிடும்.

விண்டோஸ் கணினி வைத்திருப்போர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல மடிக்கணினிகளில் வட்டிலுள்ளதை யாரும் படிக்க முடியாதபடி விண்டோஸின் பிட்லாக்கர் வசதி தானாகவே குறியாக்கம் செய்திருக்கும்; அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்தாலோ மதர்போர்டு (முதன்மைச் சுற்றுப் பலகை) மாற்றினாலோ நீலத்திரை அதைக் கேட்கலாம். அந்த நேரத்தில் கணக்கும் திறக்கவில்லையென்றால் கோப்புகளும் போனதுதான். முன்பே அச்சிட்டு வையுங்கள்.

இருபடிச் சரிபார்ப்பு போட்ட பிறகு பழைய மின்னஞ்சல் மென்பொருள் 'கடவுச்சொல் தவறு' என்று அடம்பிடித்தால் பதற வேண்டாம். கூகுள் கணக்கில் அதற்கென்றே 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் உருவாக்கிக் கொடுக்கலாம்.

எஸ்எம்எஸ் ஓடிபி ஒன்றுமில்லாததற்கு மேல்தான். ஆனால் உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கிவிடும் மோசடிக்காரருக்கு அது நேராகப் போய்ச் சேரும். செயலி எண்ணையும் போலித் தளத்தில் நீங்களே தட்டினால், 30 விநாடிக்குள் அவர் அதை உண்மைத் தளத்தில் தட்டிவிடுவார். கணினியில் செருகிப் பயன்படுத்தும் யுஎஸ்பி பாதுகாப்புச் சாவியில் இந்த ஏமாற்று நடக்காது. தள முகவரி மாறினால் அது பதிலே தராது. வாங்குவதானால் இரண்டாக வாங்கி, இரண்டையும் பதிவு செய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததும், கணக்கிலிருந்து வெளியேறாமலேயே பிரவுசரில் ஒரு தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து, தாளிலுள்ள கூகுள் மீட்பு எண் ஒன்றைக் கொடுத்து நுழைந்து பாருங்கள். திறந்தால் அந்த எண்ணைத் தாளில் கோடிட்டு அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புத் துறையிலுள்ள வாசகர்