அடுத்த மாதம் பணம் அனுப்பாதே

கும்பகோணம்
6.12.2025, சனிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ கூப்பிட்டதும் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அப்புறம் நமக்குப் பேச மிஞ்சுவது வானிலை மட்டும்தான். "அங்கே குளிரா?" "ஆமாம்ப்பா, அங்கே மழையா?" "ஆமாம்." அதோடு சரி. அதனால் அந்த வானிலையை முதலிலேயே எழுதி முடித்துவிடுகிறேன்.

புயல் வந்து போய்விட்டது. டிட்வா என்று பெயர். ஏமன் நாடு வைத்ததாம். 13 நாடுகள் முறை வைத்துக்கொண்டு பெயர் கொடுக்கின்றன. கஜாவுக்குப் பெயர் வைத்தது இலங்கை, பட்டது நாம். இந்தத் தடவை ஏமன் பெயர் வைத்தது, பாவம், இலங்கை பட்டது. இங்கே காற்று அவ்வளவாக இல்லை, மழைதான். கொல்லையில் முருங்கை சாய்ந்துவிட்டது. முருங்கை எப்போது சாயாமல் இருந்தது? முதல் தூறல் விழுந்ததுமே கரண்ட் போனது. வழக்கம்போல எல்லோரும் வாசலுக்கு வந்து எதிர் வீட்டைப் பார்த்தோம். அங்கேயும் இருட்டு என்று தெரிந்ததும் நிம்மதியாக உள்ளே போய்விட்டோம். நம் வீட்டில் மட்டும் போனால்தானே கவலை.

ஜூன் 12ஆம் தேதியே மேட்டூர் திறந்த வருஷம் இது. அணை 120 அடியைத் தொட்டுத் தொட்டு வழிந்தது. பெரியப்பா ஆசையாகக் குறுவை போட்டார். அறுத்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். அடை மழையில் எங்கே காயவைப்பது? ரோட்டோரம் தார்ப்பாய் போட்டு மூடிவைத்த குவியல் முளை விட்டுவிட்டது. ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். பச்சைப் பசேல் என்று, நவராத்திரிக்கு முளைப்பாரி போட்டதுபோல இருந்தது. இப்போது சம்பாவும் தண்ணீரில் நிற்கிறது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லிவிட்டேன், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

நல்ல சேதியும் ஒன்று உண்டு. பேராவூரணியில் கஜா சாய்த்த தோப்பில் மாமா மறுபடி கன்று வைத்தாரே, அதெல்லாம் இப்போது பாளை விட்டுக் காய்க்கிறது. ஏழு வருஷம் ஆயிற்று. அன்றைக்கு வேரோடு கிடந்த மரங்களுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்த இருப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். நீதான் டார்ச் பிடித்தாய்.

நேற்று ஐந்தாம் தேதி. மணி அடித்தாற்போல முப்பதாயிரம் வந்துவிட்டது. நீ தவறவே மாட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த மாதம் அனுப்ப வேண்டாம். இங்கே செலவு என்று ஒன்றும் இல்லை. அரிசி ரேஷனில் சும்மா வருகிறது, 2011லிருந்து வருகிறது. முன்பெல்லாம் நான் அதை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று வீம்பு பண்ணினேன். இப்போது அதில்தான் இட்லிக்குப் போடுகிறோம், பூப்போல வருகிறது. கரண்டும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இந்த மழையில் ஃபேனே ஓடவில்லை, பில் வருமா என்பதே சந்தேகம். அதனால் அனுப்பாதே.

காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே. அம்மா கொடுத்த மஃப்ளர் எங்கே? போன மாதம் பேசியபோது கண்ணில் படவில்லை.

அன்றைக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை. உனக்குப் பின்னால் சுவரில், சாவி மாட்டும் ஆணியில், நீலப் பட்டையோடு ஓர் அட்டை எப்போதும் தொங்கும். கம்பெனி அட்டை என்று நீதான் ஒருநாள் அம்மாவிடம் எடுத்துக் காட்டினாய். அன்று ஆணி மட்டும் இருந்தது. செவ்வாய்க்கிழமை. இங்கே இரவு எட்டரை. நவம்பரில் உங்கள் ஊரில் கடிகாரத்தை மாற்றி வைத்தபிறகு பத்தரை மணி நேர வித்தியாசம் என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறேன். அப்படியானால் டொராண்டோவில் காலை பத்து. நீ சனிக்கிழமைதானே கூப்பிடுவாய். பனியனோடு உட்கார்ந்திருந்தாய். வீட்டிலிருந்தே வேலை என்றாய். இருக்கலாம். இந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். அதற்கப்புறம் மூன்று வாரமாக "பிஸிப்பா" என்று ஒரு வரி வருகிறது. அதுவும் அம்மா போனுக்கு. நான் ஒன்றும் கேட்கவில்லை.

போன வாரம் ஒரு கல்யாணம். மார்கழி பிறந்துவிட்டால் முகூர்த்தம் கிடையாது என்று கார்த்திகையில் அடித்துப் பிடித்து வைக்கிறார்கள். மண்டபத்து வாசலில் முழங்கால் தண்ணீர், மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தான். கூட்டம் குறையவில்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரர், யாரென்றே தெரியாது, பெண் வீட்டுப் பக்கம் போல, "பையன் எவ்வளவு வாங்குறான்?" என்று ஆரம்பித்தார். நம் ஊரில் பெயரைக் கேட்பதற்கு முன்னால் சம்பளத்தைக் கேட்டுவிடுவார்கள். மற்ற நாளாக இருந்தால் உன்னைப் பற்றி ரசம் வரும் வரைக்கும் பேசியிருப்பேன். நீ ஸ்காலர்ஷிப்பில் படித்தது, ஒரு பைசா கடன் வாங்காமல் அக்கரைக்குப் போனது, எல்லாவற்றையும். அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளும்படி ஆட்டுவோமே, அந்த ஆட்டல். அவர் அதை என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, பாயசத்துக்குக் குனிந்துவிட்டார்.

உன்மேல் எனக்குக் கோபமும் உண்டு. பெற்றவனிடம் மறைக்க என்ன இருக்கிறது? இருபது வயதில் காய்ச்சல் வந்தால்கூட ஹாஸ்டலிலிருந்து சொல்ல மாட்டாய், குணமான பிறகுதான் தெரியும். பெரிய மனுஷத்தனம். எங்கிருந்து வந்தது அது என்று அம்மாவிடம் அடிக்கடி கேட்பேன். அவள் பதில் சொல்ல மாட்டாள்.

இந்த மழைக்கு மூன்று நாள் பள்ளிக்கூடம் லீவு. இப்போதெல்லாம் விடிவதற்குள் செல்போனில் வந்துவிடுகிறது. எதிர் வீட்டுப் பையன் ராத்திரியே கலெக்டருக்கு லீவு கேட்டு மெசேஜ் போடுகிறான். கலெக்டர் என்றால் நாங்கள் எழுந்து நிற்போம். உன் காலத்தில் அப்படி இல்லை. எல்லோரும் நனைந்துகொண்டு பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபிறகு, தஞ்சாவூரிலிருந்து சேதி வந்து, மணி அடித்துத் திருப்பி அனுப்புவார்கள்.

2005 நவம்பரில் ஒருநாள் அப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள். நீ ஏழாவது.

இருபது வருஷமாக இதை நாம் பேசியதில்லை. பேச வேண்டியவன் நான்.

நான் வேலை பார்த்த மில்லை மூடியது அந்த வருஷம் புரட்டாசியில். தையில்தான் மூடினார்கள் என்று அம்மாவுக்குச் சொன்னேன். நடுவில் இருந்த நான்கு மாதமும் காலை எட்டரைக்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதலில் ரயில்வே ஸ்டேஷன். தெரிந்த முகங்கள் வர ஆரம்பித்ததும் மகாமகக் குளத்துக்கு மாறினேன். அந்தக் குளத்தைச் சுற்றி 16 மண்டபம். முந்தின வருஷம்தான் மகாமகம், லட்சக்கணக்கில் வந்து முழுக்குப் போட்டார்கள். அந்த ஜனம் போன பிறகு அங்கே நானும் புறாக்களும்தான். மதியம் பன்னிரண்டரைக்குத்தான் பாக்ஸைத் திறப்பேன், மில்லில் சங்கு ஊதும் நேரத்துக்கு. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அன்று மழையில் குளிர் தாங்காமல் சீக்கிரமே திறந்துவிட்டேன். தயிர்சாதம், நார்த்தங்காய். ஒரு கவளம் கையில் இருந்தது. கரையில் நீ நின்றாய். உரச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தாய், புத்தகப் பையும் அதற்குள்ளே. கூட இரண்டு பையன்கள். நீ என்னைப் பார்த்தாய். பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். உடனே அந்தப் பையன்களிடம் என்னமோ சொல்லி, இரண்டு பேரையும் தோளைப் பிடித்துத் திருப்பி, வேறு தெரு வழியாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய்.

சாயங்காலம் நான் வழக்கமான நேரத்துக்கு வந்தேன். சட்டையெல்லாம் ஈரம். எப்படி நனைந்தீர்கள் என்று அம்மா கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ துண்டை நீட்டி, தரையைப் பார்த்துக்கொண்டு, "மில்லுல ஒழுகுதாப்பா?" என்றாய்.

ஆமாம், ஒழுகுது என்றேன்.

பன்னிரண்டு வயது உனக்கு. அன்றைக்கு ராத்திரியே உன்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தை வரைக்கும் அந்த மூட்டையை உன்னையும் சேர்ந்து தூக்க வைத்தேன். அம்மா ஏதாவது கேட்டால் நீ முந்திக்கொண்டு பதில் சொல்வாய். மில்லில் லோடு வந்திருக்கும், லாரி லேட்டாயிருக்கும் என்று. அதைக் கேட்டு, வெட்கப்பட வேண்டியவன், உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். பையன் கெட்டிக்காரன் என்று.

இன்னொன்று உனக்குத் தெரியாது. மாதாமாதம் ஒன்றாம் தேதி நான் கொண்டுவந்த சம்பளக் கவர். கடையில் காக்கிக் கவர் வாங்கி, நானே தொகையை எழுதி, நானே பணம் வைத்து ஒட்டிக்கொண்டு வந்தேன். அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் பிரிப்பாள். அந்தப் பணம் மூன்று வட்டிக்கு வாங்கியது. நான்கு கவர். அடைத்து முடிக்க இரண்டேகால் வருஷம் ஆயிற்று, உன் அம்மாவின் வளையலோடு. இல்லாத சம்பளத்தை நேரம் தவறாமல் வீட்டுக்குக் கொடுத்தவன் நான். அதனால்தான் நேற்று ஐந்தாம் தேதி போன் 'டிங்' என்றபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் நல்லபடியாகவே இருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு, கிழவனுக்கு வேலையில்லை என்று சிரித்துக்கொள். கார்டில் தேய்த்து மட்டும் இங்கே அனுப்பாதே. நீ இதுவரை அனுப்பியதில் நாலே முக்கால் லட்சம் என் பெயரில் அப்படியே கிடக்கிறது. வீட்டுக்கு ஒழுக்கு அடைக்க என்று எடுத்து வைத்தேன். அடைத்தாயிற்று, மிச்சம்தான் இது. ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே பாங்குக்குப் போவேன். திரும்பி வருவதாக இருந்தாலும் வா, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. ஊரில் நாலு பேர் கேட்பார்கள். நான் தலையை ஆட்டிக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. குளக்கரைச் சமாச்சாரமும் இன்றுவரை தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான். சில நாள் அவள் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை தோறும் ராகு காலத்துக்கு அவள் பட்டீஸ்வரம் துர்க்கைக்கு விளக்குப் போடப் போகிறாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அதிலும் செலவில்லை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை வீட்டில் நான் மட்டும்தான். உனக்கு அங்கே வியாழன் நள்ளிரவு. தூக்கம் வராமல் இருந்தால் கூப்பிடு. ஸ்பீக்கர் போட மாட்டேன். தூக்கம் வந்தால் தூங்கு.

மஃப்ளரைத் தேடி எடு.

அப்பா