பெயர் வெட்டாத தூக்குச்சட்டிகள்

அன்பான சபையாருக்கும் எங்கள் தெருக்காரர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் கோயில் படி ஏறி வந்ததைப் பார்த்திருப்பீர்கள். மொத்தம் ஐந்து படி. இரண்டாவதில் கொஞ்சம் நின்றாள். கை கொடுக்கப் போனேன், முறைத்தாள். சரி, பழைய ஆள் திரும்பிவிட்டாள் என்று அப்போதுதான் நம்பினேன். அன்றைக்கே எழுந்து நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். தொண்டை அடைத்துவிட்டது.

ஜூலையில் ஒருநாள் பாதம் மரத்துப்போகிறது என்றாள். படுத்த விதம் சரியில்லை என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் நிற்க முடியவில்லை. ஐந்தாம் நாள் மூச்சுக்கே மெஷின். கில்லன் பாரே என்றார்கள். கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பு சொந்த நரம்பையே தாக்குமாம். பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். குணமாகும்போது பெரும்பாலும் மேலிருந்து இறங்கும், பாதம் கடைசி. 19 நாள் வென்டிலேட்டர். ஐந்து நாள் ஏற்றிய இம்யூனோகுளோபுலின் மருந்தின் விலையை எழுதினால் எனக்கு மறுபடி தலை சுற்றும்.

பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாரே, கைப்பிடி அரிசி விற்ற காசைக் கவரில் போட்டுக் கொண்டுவந்தீர்கள். பிரித்தால் எல்லாம் பத்தும் இருபதுமாக இருந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போடுகிற அரிசி. நானும் வருஷக்கணக்காகப் போட்டிருக்கிறேன். யார் வீட்டுக்குப் போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி எடுத்த ஆட்டோ அண்ணாச்சிக்கும், சின்னவனுக்குச் சோறு போட்டுத் தலை சீவி அனுப்பிய எதிர்வீட்டு மதினிக்கும், விரல் விரலாக அசைக்கக் கற்றுக்கொடுத்த பிசியோ தம்பிக்கும் நன்றி.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்தாம் நாளுக்கு மேல் நான் ஜெபிக்கவில்லை. வாய் வரவில்லை. சிலர் வந்து, "வீட்டில் என்ன குறை, யோசித்துப் பார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு முந்தின வாரம்தான் நம் சபைப் போதகர் ஐயர் ஐ.சி.யூ. வராந்தாவில் உட்கார்ந்து, டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிச் சொல்லியிருந்தார். 1931-ல் விழுந்தவர், 1951-ல் கண்மூடும்வரை பெரும்பாலும் படுக்கைதான். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றவர். பறவைகளுக்கான தண்ணீர்த்தொட்டிதான் அங்கே இருக்கிறது. பெற்றவளிடம் சொல்கிற கதையா இது என்று கோபம் வந்தது. குறை கேட்டவர்கள் போன பிறகுதான் ஐயர் எதற்காகச் சொன்னார் என்று புரிந்தது. மன்னியுங்கள் ஐயரே, அன்றைக்கு உங்களுக்குக் காப்பிகூட வாங்கித் தரவில்லை.

மேலத்தெருப் பெரியம்மா தினமும் விடியற்காலை மணி அடித்ததும் போன் செய்வார்கள். "பிள்ளை எப்படி இருக்கா?" "அப்படியேதான் பெரியம்மா." "ஆண்டவரே, எனக்கு உதவி செய்யும்." உடனே வைத்துவிடுவார்கள். மத்தேயு 15-ல் கானானியப் பெண் இயேசுவிடம் கேட்டது அது. மகளுக்கு என்றல்லவா கேட்க வேண்டும் என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். "அவளும் மகளுக்காகத்தானே வந்தா. ரெண்டும் வேறயா?" என்றார்கள்.

வீட்டுக்கு வந்தபின் அந்த அதிகாரத்தை எடுத்தேன். அவள் விசுவாசத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. 23-ஆம் வசனத்தில் ஆண்டவர் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார் என்பதில் கண் நின்றது இதுதான் முதல் தடவை. சீஷர்கள் அனுப்பிவிடச் சொல்கிறார்கள். அப்புறம் பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்கிற பேச்சு. அதற்கும் அவள் முகம் சுளிக்கவில்லை, மேஜையிலிருந்து விழும் துணிக்கை போதும் என்கிறாள். நானாக இருந்தால் திரும்பிப் போயிருப்பேன். போகத்தானே செய்தேன். நான் விட்ட இடத்தில் பெரியம்மா நின்றுகொண்டிருந்தார்கள், 74 நாள்.

பக்கத்துப் படுக்கைப் பையன் வீட்டாரும் அப்படித்தான் ஜெபித்தார்கள். அவன் வீடு திரும்பவில்லை. அதனால் என் விசுவாசம் ஜெயித்தது என்று சாட்சி சொல்ல வாய் கூசுகிறது. நன்றி மட்டும் சொல்கிறேன்.

அப்புறம், சாப்பாடு வந்த பாத்திரங்கள். பெயர் வெட்டியிருந்தவற்றைக் கொடுத்துவிட்டேன். பெயர் வெட்டாத ஏழு தூக்குச்சட்டியும் மூடியில்லாத ஒரு சம்படமும் இன்னும் என் அடுக்களையில் இருக்கின்றன. சனிக்கிழமை முந்திரிக்கொத்து சுடுகிறேன், வெறும் பாத்திரமாகக் கொடுக்க மனசில்லை. சாயங்காலம் வந்து அடையாளம் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறப்பது மகளாகத்தான் இருக்கும். கொஞ்சம் நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.