எவ்வளவு சீவினீர்கள் என்று சொல்லுங்கள்: தாப்பா, பீடோர் வட்டாரக் கார் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பட்டறை உரிமையாளர்களுக்கும் அங்கே வேலை பார்க்கும் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

கேமரன் மலை ஏறும்போது சூடேறி நின்றுபோகும் நம் ஊர்க் கார்கள் கடைசியில் உங்களிடம்தான் வந்து சேர்கின்றன. என்ஜினின் மேல்மூடியான ஹெட் வளைந்திருந்தால் லேத் பட்டறைக்கு அனுப்பி அடிப்பக்கத்தை மட்டமாகச் சீவி, நடுவே அடைப்பாக வைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு மாட்டிக் கொடுக்கிறீர்கள். அந்த வேலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு சீவப்பட்டது என்பதை வண்டிக்காரரிடம் யாரும் சொல்வதில்லை. என்னை எழுத வைத்தது அதுதான்.

கணக்கைப் பாருங்கள். 1.3 லிட்டர், நான்கு சிலிண்டர், சிலிண்டரின் அகலம் 71 மில்லிமீட்டர், அழுத்த விகிதம் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது) 10:1 என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடம் வெறும் 36 கன சென்டிமீட்டர். அரை மில்லிமீட்டர் சீவினால் அதில் ஏறக்குறைய இரண்டு கன சென்டிமீட்டர் போய்விடும், விகிதம் 10.5ஐ நெருங்கிவிடும். மறுபடி சூடேறி மறுபடி சீவினால் இன்னும் கூடும். அழுத்தம் கூடினால் ஆக்டேன் எண்ணும் கூடுதலாக வேண்டும்; ரோன் என்று பம்பில் போட்டிருப்பது அந்த எண்தான். நம் மலேசியாவில் 2009இல் ரோன் 92 போய் ரோன் 95 வந்தது. 92இலேயே ஓடிய பழைய கார்களுக்கு அது நல்ல கூடுதல் பாதுகாப்பு. ஹெட்டைச் சீவச் சீவ அந்தப் பாதுகாப்புதான் கரைகிறது. வண்டிக்காரரோ வழக்கம்போல ரோன் 95 வரும் மஞ்சள் குழாயை எடுத்து ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

என் மச்சானின் காரில் இதைக் கண்ணால் பார்த்தேன். கணினி இல்லாமல் டிஸ்ட்ரிபியூட்டர் மூலம் தீப்பொறியைப் பகிர்ந்து கொடுக்கும் பழைய வண்டி. ஹெட் சீவி மாட்டிய பிறகு, ரிங்லெட் ஏற்றத்தில் உயர்ந்த கியரில் மிதித்தால், தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம். வேலை செய்த பட்டறையில், “97 ஊற்றுங்கள், சரியாகிவிடும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள். நடுநடுவே வெளிச்சத்தில் மினுங்கும் அலுமினியத் துணுக்குகள். பிஸ்டனின் தலையிலிருந்து பெயர்ந்தவை அவை.

ஏன் அப்படி ஆகிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும்; கற்றுக்கொள்ளும் தம்பிகளுக்காகச் சொல்கிறேன். தீப்பொறி பற்றவைத்த நெருப்பு சிலிண்டருக்குள் பரவிக்கொண்டே போகும். அது போய்ச் சேருவதற்குள், ஓரத்தில் நெருக்கப்பட்டுக் கிடக்கும் பெட்ரோல் கலவை வெப்பம் தாங்காமல் தானாகவே வெடித்துவிடுகிறது. அந்த அதிர்ச்சியே நாம் கேட்கும் சத்தம். ஆக்டேன் எண் என்பது இப்படித் தானாகப் பற்றாமல் தாக்குப்பிடிக்கும் திறனின் அளவு, அவ்வளவுதான். 97இல் சக்தி கூடுதலாக அடைத்து வைக்கப்படவில்லை.

அதனால்தான் புதுக்கார் வாங்கிய தோட்டத்துக் குடும்பங்களிடம், “இது ஹை கம்ப்ரஷன் என்ஜின், பச்சைக் குழாய்தான் போட வேண்டும்”, அதாவது 97தான், என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இப்போதைய பெரோடுவா மைவியின் அழுத்த விகிதம் 11.5:1. ஆனாலும் அது ரோன் 95க்காகவே அமைக்கப்பட்டது. மஸ்டா 14:1 வரை போய், எரிந்த சூடான வாயு சிலிண்டருக்குள் தங்காதபடி எக்சாஸ்ட் குழாயை நீளமாக்கிச் சாதாரண பெட்ரோலிலேயே ஓட்டிக் காட்டியது. இத்தகைய கார்களில் அந்தத் தட்டல் சத்தத்தை உணரும் நாக் சென்சார் இருக்கிறது. தட்டல் தொடங்கினாலே கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்திவிடும். கையேட்டில் 95 என்று போட்டிருந்தால் 95 போதும். 98 கேட்கும் டர்போ வண்டிகளின் கதை வேறு: 95இல் ஓடும், ஆனால் இழுவை குறையும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்.

அமெரிக்கக் காணொளி பார்த்து ஆக்டேன் எண்ணைச் சொல்லும் தம்பிகளும் கவனிக்க வேண்டும். அங்கே பம்பில் எழுதியிருப்பது இரண்டு சோதனைகளின் சராசரி; நம்முடைய ரோன் அவற்றில் ஒன்று மட்டும். அவர்களுடைய 91, நம்முடைய 95 அல்லது 96க்குச் சமம்.

பணத்தையும் யோசியுங்கள். பெட்ரோல் மானியத்துக்கான பூடி95 திட்டம் 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கியபோது குடிமக்களுக்கு ரோன் 95 லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு. ரோன் 97 மூன்று வெள்ளியைத் தாண்டி நின்றது. 35 லிட்டர் நிரப்பினால் நாற்பது வெள்ளி அளவுக்கு வித்தியாசம். செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவருக்கு அது சிறிய தொகையா?

சீவிய ஹெட்டுக்கு 97ஐ மருந்தாகச் சொல்வதற்கு முன் செய்யக்கூடியவை இருக்கின்றன. சில என்ஜின்களுக்குத் தடிமனான கேஸ்கெட் கிடைக்கிறது. போட்டால் இழந்த இடம் திரும்பக் கிடைக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் வண்டியானால் தீப்பொறி வரும் நேரமான டைமிங்கைச் சில டிகிரி பின்தள்ளலாம். ரொம்பத் தள்ளினால் இழுவை போய் எக்சாஸ்ட் கொதிக்கும் என்பதால் அளந்து செய்ய வேண்டும். பிஸ்டன்மேல் படிந்த கரியைச் சுரண்டி எடுங்கள். அதுவும் இடத்தை அடைத்து அழுத்தத்தைக் கூட்டும், சூட்டையும் பிடித்து வைக்கும். வண்டி சூடேறக் காரணமாயிருந்திருக்கக்கூடிய ரேடியேட்டரையும் விசிறியையும் பார்க்காமல் ஹெட்டை மட்டும் மாட்டி அனுப்பாதீர்கள். மலை ஏறும்போது ஒரு கியர் இறக்கி ஓட்டச் சொல்லுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

வேகத்துக்காக வேண்டுமென்றே ஹெட்டைச் சீவச் சொல்லும் இளைஞர்கள் வந்தால், எந்தப் பெட்ரோலில் ஓட்டப்போகிறாய் என்று முதலில் கேளுங்கள். அவன் 95 என்றால் வேலையை எடுக்காதீர்கள்.

நான் கேட்பது ரசீதில் ஒரே ஒரு வரி: எத்தனை மில்லிமீட்டர் சீவப்பட்டது, எவ்வளவு தடிமன் கேஸ்கெட் போடப்பட்டது. லேத் பட்டறையில் கேட்டால் அளவைச் சொல்லிவிடுவார்கள். அடுத்த முறை அந்த வண்டி வேறொரு பட்டறைக்குப் போனாலும், அங்கே ஹெட்டைத் திறக்கிறவர் அந்தக் காகிதத்தைப் பார்த்து, இன்னொரு முறை சீவலாமா, வேறு ஹெட் போட வேண்டுமா என்று முடிவு செய்துகொள்வார்.

இப்படிக்கு,
தாப்பாவிலிருந்து ஒரு வாடிக்கையாளர்