கிட் கையேடுகளில் அமைப்புகளை விளக்கும் முறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிரல் எழுதக் கற்கத் தொடங்குவோர் மிக விரைவிலேயே, கோப்புகளில் செய்யும் மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைக் கையாள வேண்டியிருக்கிறது. அது பெரும்பாலும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் வளர்ச்சிப் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் ஆகவே இருக்கிறது. இதற்கான பயனர் கையேடுகளைத் தமிழில் எழுத முன்வருவோர் உங்கள் வாசகர்களிடையே இருப்பார்கள் என்பதால், அக்கையேடுகளில் அமைப்புகளை (செட்டிங்ஸ்) பற்றிய பகுதி எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்பது குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பல கையேடுகள், கிட்டை நிறுவிய உடனே இரண்டு கட்டளைகளைத் தந்து, பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் இட்டு இயக்குமாறு கூறிவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகின்றன. அக்கட்டளைகள் திரையில் எதையும் காட்டாமல் முடிந்துவிடும். என்ன நடந்தது, எந்தக் கோப்பில் அது எழுதப்பட்டது, தவறாக இட்டிருந்தால் எங்கே போய்த் திருத்துவது என்பவை எதுவும் தெரியாமலேயே புதியவர் தொடர்கிறார். அந்தப் பெயர் ஏதோ ஒரு தளத்தில் உள்நுழைவதற்கான பயனர் பெயர் என்று நம்புவோரும் உண்டு. உண்மையில் அது ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது மாற்றங்களின் ஒவ்வொரு பதிவிலும், பொறிக்கப்படும் வெறும் உரை. அது சரியானதா என்று கிட் சோதிப்பதில்லை. பிறகு அமைப்பை மாற்றினாலும் பழைய கமிட்டுகளில் உள்ள பெயர் மாறாது. கோப்புகளும் அவற்றின் வரலாறும் சேர்ந்திருக்கும் களஞ்சியம் பொதுவெளிக்குச் சென்றால் மின்னஞ்சல் முகவரியும் அதனுடன் வெளியே செல்லும். இந்தச் செய்தி கட்டளைக்கு முன்பே சொல்லப்பட வேண்டியது. பின்னிணைப்பில் வைப்பதற்கு உரியதன்று.

என் கருத்தில், எந்த ஓர் அமைப்பையும் விளக்குவதற்கு முன் அமைப்புகள் குடியிருக்கும் மூன்று இடங்களை விளக்கிவிட வேண்டும். கணினி முழுமைக்கும் உரிய சிஸ்டம் நிலை, ஒரு பயனருக்கு உரிய குளோபல் நிலை, ஒரு களஞ்சியத்துக்கு மட்டுமே உரிய லோக்கல் நிலை என்ற மூன்றும் தனித்தனிக் கோப்புகளில் உள்ளன. ஒரே அமைப்பு மூன்றிலும் இருந்தால் களஞ்சியத்தில் உள்ளதே செல்லுபடியாகும். இதை அறிந்த ஒருவர் அலுவலகப் பணிக்கு ஒரு முகவரியையும் சொந்தப் பணிக்கு வேறொரு முகவரியையும் குழப்பமின்றி வைத்துக்கொள்வார். களஞ்சியத்தைக் குளோன் செய்யும்போது (முழுமையாக நகலெடுக்கும்போது) அதன் லோக்கல் அமைப்புகள் உடன் வருவதில்லை என்பதையும் அதே பக்கத்தில் சொல்லிவிடுவது நல்லது. அதோடு, கிட் கான்ஃபிக் கட்டளையில் லிஸ்ட், ஷோ-ஆரிஜின் என்னும் இரு தெரிவுகளையும் சேர்த்தால், ஒவ்வொரு மதிப்பும் எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று பார்க்கலாம். புதியவருக்கு முதலில் கற்பிக்க வேண்டிய கட்டளை இதுதான். பார்க்கத் தெரிந்தவர் மாற்றத் தயங்கமாட்டார்.

வரி முடிவுகள் பற்றிய அமைப்பு இன்னும் கவனமாக விளக்கப்பட வேண்டியது. விண்டோஸ் வழக்கமாக ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறிகளை இடுகிறது. லினக்ஸும் மேக்கும் ஒன்றை மட்டும் இடுகின்றன. இக்குறிகளைத் தானாக மாற்றும் ஆட்டோ-சிஆர்எல்எஃப் அமைப்பை இருவர் வெவ்வேறாக வைத்துக்கொண்டு ஒரே கோப்பில் பணி செய்தால், ஒரு வரியைத் திருத்தியிருக்கும்போது எல்லா வரிகளும் மாறியதாகத் தோன்றக்கூடும். ‘இந்த மதிப்பை ட்ரூ என்று வையுங்கள்’ என்னும் ஒற்றை வரி அறிவுரை இங்கே போதாது. களஞ்சியத்துடனேயே பயணிக்கும் கிட்-அட்ரிபியூட்ஸ் கோப்பில் இவ்விதியை எழுதி வைத்தால் அனைவருக்கும் அது பொதுவாக இருக்கும் என்பதையும் கையேடு கூற வேண்டும்.

தமிழில் எழுதப்படும் கையேடு தவறவிடவே கூடாத அமைப்பு ஒன்று உண்டு. தமிழில் பெயரிட்ட கோப்பைச் சேர்த்துவிட்டு ஸ்டேட்டஸ் கட்டளையால் நிலையைக் கேட்டால், இயல்பான அமைப்பில் கிட் அப்பெயரைத் தமிழில் காட்டாது. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று எண்கள் வீதம், சாய்கோடுகளுடன் நீண்ட எண்வரிசையாகக் காட்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று புதியவர் அஞ்சுவது இயல்பே. கோர் பிரிவில் உள்ள க்வோட்-பாத் அமைப்பை ஃபால்ஸ் என மாற்றினால் பெயர் தமிழிலேயே தெரியும். ஆங்கிலக் கையேடுகளைப் பின்பற்றி எழுதுவோரின் கண்ணில் இது எளிதில் படுவதில்லை.

கடவுச்சொல்லை நினைவில் வைக்கும் ஸ்டோர் என்னும் உதவி, அதைக் குறியாக்கம் செய்யாமல் சாதாரண உரையாகவே கோப்பில் எழுதுகிறது. அதைப் பரிந்துரைக்கும் பக்கத்திலேயே இந்த எச்சரிக்கையும் இடம்பெற வேண்டும். களஞ்சியத்தின் முதல் கிளையின் (கமிட்டுகள் தொடரும் பாதையின்) பெயரைத் தீர்மானிக்கும் அமைப்பு 2020இல் வந்த 2.28 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது என்பதால், கையேடு எந்தப் பதிப்பை ஒட்டி எழுதப்பட்டது என்பதும் முகப்பில் இருக்க வேண்டும்.

கையேடு எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கணினியில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த அமைப்புகள் இருப்பதால், புதியவர் தடுமாறும் இடங்கள் உங்களுக்குத் தென்படாமல் போகின்றன. ஆகவே, வெளியிடுவதற்கு முன் அதே கணினியில் புதிய பயனர் கணக்கொன்றைத் திறந்து, கையேட்டில் உள்ளதை மட்டும் வரிக்கு வரி செய்து பாருங்கள். விளக்கச் செய்தியின்றிக் கமிட் செய்யும்போது திறக்கும் உரைத் திருத்தியை மூடி வெளியேறும் வழி எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போது மறவாமல் சரிபாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்