பெரிய வளவு வீட்டுத் திருப்பணி நிறைவு அறிக்கை

அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

பெரிய வளவு வீட்டு வேலை முடிந்துவிட்டது. மிச்சமாயிருந்த தெற்கு விறாந்தைச் சுவருக்கும் சுண்ணாம்பு பூசியாயிற்று. சாரம் கழற்றி, முற்றமும் கூட்டித் தந்துவிட்டார்கள். வரவு செலவுக் கணக்கைத் தனித்தாளில் இணைத்திருக்கிறோம்.

வெளியூரார் இதைப் போடியார் (பெரிய வயற்காரர்) வீடு என்பார்கள். காணி உறுதிகளைப் புரட்டினால் ஒரு போடியார் பெயரிலும் இந்த வீடு இருந்ததில்லை. தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகவே இறங்கி வந்திருக்கிறது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு தாய்வழிச் சொத்துரிமை சொன்ன மட்டக்களப்பின் முக்குவர் சட்டம் நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. ஆனாலும் வீடு பெண்பிள்ளைக்கு என்ற வழக்கம் நம் ஊர்களில் நின்றுவிடவில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்தார். போடியார்மாரும் அப்படி வந்தவர்கள்தான். கடைசி உரித்தாளிகளான சகோதரிகள் மூவரும் பொதுப் பாவனைக்கு எழுதித் தந்தபோது, வாசலில் அம்மம்மாவின் பெயர் இருக்க வேண்டும் என்பதை மட்டுமே கேட்டார்கள். நிலைக்கு மேலே முதிரைப் பலகையில் வெட்டி வைத்திருக்கிறோம்.

அதிகம் பாடுபட்டது சுவரோடுதான். முன்னொரு திருத்த வேலையில் யாரோ அடிச்சுவர் முழுக்கச் சீமெந்து பூசியிருந்தார்கள். பார்வைக்கு உறுதியாகத்தான் இருந்தது. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, கடற்கரைப் பக்க மண்ணின் உப்பும் சேர்ந்து, கல்லை மாவாக்கிவிட்டது. தட்டினால் உள்ளே கோறையாகச் சத்தம் கேட்டது. சீமெந்தை ஒரு சாண் விடாமல் கொத்தி எடுத்தோம். உக்கிய கல்லை மாற்றினோம். சுண்ணாம்பைக் குழியில் நீர் விட்டு 3 வாரம் ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்துப் பூசினோம். பூசிய சுவர் வெயிலில் வெடிக்காமல் இருக்க நனைத்த சாக்குத் தொங்கவிட்டோம். மாரி தொடங்கினால் இந்த வேலை நடக்காது. ஐப்பசியில் நிறுத்தி, தை பிறந்த பிறகே மறுபடி தொடங்கினோம். "ஏன் இழுபடுகிறது?" என்று தொலைபேசியில் கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

அடுத்தது கூரை. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் பின்கட்டு ஓடெல்லாம் பறந்துபோனது. அன்றிரவு அயல் வளவுச் சனமெல்லாம் நடு அறைக்குள் இருந்துதான் விடியலைப் பார்த்தார்கள். அன்றைய பிள்ளைகள் சிலர் இன்று எங்கள் சபையில் இருக்கிறார்கள். அவசரத்துக்குப் போட்ட தகரம் இத்தனை வருடமும் அப்படியே கிடந்தது. அதைக் கழற்றிவிட்டு ஓடு போட நினைத்து, அளவு பாராமல் புது ஓடு வாங்கியது எங்கள் பிழை. பழைய கள்ளிக்கோட்டை ஓட்டோடு அது கொக்கி கொள்ளவில்லை. அந்தச் செலவும் கணக்கில் மறைக்காமல் இருக்கிறது. பிறகு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இடித்த ஒரு வீட்டிலிருந்து அதே அளவு ஓடு கிடைத்தது. கறையான் தின்ற கைமரங்களை மட்டும் மாற்றினோம்.

முன்கதவையும் மாற்றத்தான் இருந்தோம். பலகையில் வெடிப்பு; பூட்டும் பழுது. மூத்த சகோதரி வந்து கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "மனே, இத மட்டும் மாத்திப் போடாதீங்க. கலியாணத்தண்டு நான் இதால வெளிக்கிடல்ல, அவர்தான் இதால உள்ள வந்தவர்" என்றார். தச்சு வேலை செய்த ஓடாவியார் அன்றைக்கே அளவுகோலை மடித்து வைத்துவிட்டார். வெடிப்புக்குள் அதே முதிரையில் ஆப்பு வைத்து இழைத்து, எண்ணெய் பூசி, பழைய கீலிலேயே மாட்டியிருக்கிறார். பூட்டு மட்டும் புதிது.

கிணற்றுக் கட்டும் மதிலும் அடுத்த கட்டத்துக்கு நிற்கின்றன. நெல் பட்டறை இருந்த அறையில் பழைய உறுதிகளின் பிரதிகளையும் படங்களையும் வைக்க எண்ணம். உங்கள் வீட்டில் இருப்பதைப் பிரதி எடுத்துத் தாருங்கள், மூலத்தை நீங்களே வைத்திருங்கள். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கு ஊருக்கு வருகிறவர்கள் வீட்டையும் பார்க்கலாம். திறப்பில் (சாவியில்) ஒன்று செயலாளரிடம், மற்றது மூத்த சகோதரியிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பணிச் சபையினர்