செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஓய்வூதியப் படிவங்கள், உயிர்வாழ் சான்று போன்ற வேலைகள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் இந்த ஆண்டு நாம் கையில் எடுத்த ஒரே பெரிய வேலையை, கடற்படை ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியின் வரலாற்றைத் தொகுக்கும் வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினரின் பேத்தி, "தாத்தா, நம்ம வீட்டு மேல ஹெலிகாப்டர் ஏன் திரும்பத் திரும்பச் சுத்துது?" என்று கேட்டாள். "ஓட்டக் கத்துக்கறாங்கம்மா" என்றார் அவர். அதற்கு மேல் அவளிடம் கொடுக்க எழுதிவைத்த தமிழ் வரி ஒன்றுகூட நம்மிடம் இல்லை. நம் ஊர்க் கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளி என்றால் அரக்கோணத்தில் எல்லோரும் அந்த நீண்ட ஓடுபாதையைச் சொல்வார்கள், 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்குப் பதிலாக இங்கிருந்து பயணிகள் விமானம் கிளம்பியதைச் சொல்வார்கள். தினமும் தலைக்கு மேல் பறக்கும் பயிற்சி அணியை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் கடற்படையின் 561-ஆவது விமான அணி, அதாவது ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியின் வரலாற்றைத் தொகுக்கத் தொடங்கினோம்.

பள்ளி பிறந்தது கொச்சியில், ஐ.என்.எஸ். கருடா தளத்தில், 1971-இல். முதலில் பயிற்சிக்கு வந்தது ஹியூஸ் என்ற சின்ன ஹெலிகாப்டர். பிறகு சேத்தக் என்ற ஹெலிகாப்டர். அந்தக் காலகட்டத்தைக் கவனியுங்கள். அதே 1971-இல் நீர்மூழ்கிகளை வேட்டையாடும் சீ கிங் ஹெலிகாப்டர் அணி தொடங்கியது. அடுத்த ஆண்டே மும்பையில் கட்டிய ஐ.என்.எஸ். நீலகிரி போர்க்கப்பல், தன் தளத்தில் ஹெலிகாப்டரோடு படையில் சேர்ந்தது. ஒவ்வொரு போர்க்கப்பலுக்கும் விமானிகள் தேவைப்படும் காலம் வந்துவிட்டது. ஆடும் கப்பலின் சின்னத் தளத்தில் இறங்கக்கூடிய ஆட்களைக் கடற்படை தானே உருவாக்கியாக வேண்டும்.

1992 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் ராஜாளியைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டில் பள்ளியும் நம் ஊருக்கு வந்தது.

நவம்பர் கூட்டத்தை மறக்க முடியாது. சேத்தக்கில் பல ஆண்டுகள் வேலை செய்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையில் குடையையும் வலது கையில் ஒரு குச்சியையும் பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். "இடது கை நெம்புகோலைத் தூக்கினால் மேலே போகும். ஆனா தூக்கினவுடனே மூக்கு இடப்பக்கம் திரும்பும், வலது காலை மிதிக்கணும். மிதிச்சா வண்டி நகரும், வலது கையால பிடிக்கணும். மூணும் ஒண்ணா நடக்கணும்." அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுதான் முதலில் படுத்தும் பாடு என்றார். சேத்தக்குக்கு ஒரே என்ஜின். அது நின்றுபோனால், இறங்கும் வேகத்தில் கீழிருந்து வரும் காற்றே இறக்கைகளைச் சுழற்ற, அதை வைத்துத் தரையிறங்கப் பழக வேண்டும். பிள்ளைகள் அரை மணி நேரம் அசையவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

2024 ஜூன் 7 நமக்கெல்லாம் மகிழ்ச்சியான நாள். 102-ஆவது பயிற்சி வகுப்பு முடித்தவர்களில் சப் லெப்டினன்ட் அனாமிகா பி. ராஜீவ், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி ஆனார். அதே வகுப்பில் லடாக்கிலிருந்து முதல் கடற்படை ஹெலிகாப்டர் விமானியும் தேறினார். இந்தச் செய்தியைப் பெரிய எழுத்தில் எழுதி நம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். கேள்வி கேட்ட பேத்திதான் ஒட்டினாள்.

கொச்சிக் காலம் பற்றிய பகுதி இன்னும் மெலிதாகவே இருக்கிறது. அங்கே பணியாற்றியவர்களும் அவர்கள் வீட்டாரும் தங்கள் நினைவுகளைச் சொன்னால், நாங்கள் வந்து எழுதிக்கொள்கிறோம். குடும்பப் படங்கள் இருந்தால் கொடுங்கள், நகல் எடுத்துத் திருப்பித் தருவோம். தளத்துக்குள் எடுத்த படங்கள் வேண்டாம், அந்த விதி நமக்குத் தெரிந்ததே. தொகுப்பை அடுத்த பொதுக்குழுவுக்குள் முடிக்க உங்கள் ஒப்புதலைக் கோருகிறேன்.

இவண்,
செயலாளர்